பதினேழாம் எண்

வண்டி சாய்ந்து நின்றால்
முட்டை, சட்டியின் ஓர் ஓரத்துக்கே ஓடும்.
அதனால் எந்த முகாமுக்குப் போனாலும்
முதலில் ரசமட்டத்தைத்தான் வைத்துப் பார்ப்பேன்.
குமிழி நடுவில் நின்றால்
பாதி மார்க் அப்போதே போட்டுவிடலாம்.

மீதிப் பாதிக்கு
என் நோட்டில் கோடுகள் உண்டு.
தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது,
ஐம்பது ஆம்பியர் என்று எழுதியது நிஜந்தானா,
பக்கத்து வண்டியின் குறட்டை எத்தனை அடி தள்ளி,
கழிவுக் குழி பள்ளத்தில் இருக்கிறதா மேட்டிலா.
மேட்டில் வைத்தவன்
ஒருநாளும் தன் கையால்
குழாயைத் தூக்கி வடித்தவனில்லை.

ஒன்பது வருஷம், முப்பத்தொரு மாநிலம்.
ராய்ஸ் ஓட்டுவார், நான் எழுதுவேன்.
போன மார்ச்சிலிருந்து
ஓட்டுவதும் நான்.

அரிசோனாவில் ஒன்று.
நீச்சல்குளம், பளிங்கு பதித்த கழிப்பறை,
நாய்களுக்கென்று தனியாக ஷவர்.
வாசலில் வரவேற்றது ஓர் இயந்திரம்,
வழியனுப்பியதும் அதுவே.
நான்கு நாளும் என் குரலைக் கேட்டது
டோஸ்டர் மட்டும்.
ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
கோடுகளில் குறை இல்லையே.

பிறகு ஜூன், நெப்ராஸ்கா.
முழங்கால் உயர மக்காச்சோளத்துக்கு நடுவே
இரண்டு எழுத்து உதிர்ந்த பெயர்ப்பலகை.
சரளைக்கல். ஆடுகிற மேசை.
மூன்று நிமிஷ வெந்நீருக்கு ஒரு குவார்ட்டர்.
குமிழி இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.
இரண்டு போட்டு நோட்டை மூடினேன்.

லவோன் கோவாரிக், முகாமைப் பார்த்துக்கொள்பவள்,
கையில் அட்டையோடு வந்தாள்.
எத்தனை பேர்?
ஒருத்தி.
நாய், பூனை?
இல்லை.
ராத்திரியில் காது கேட்குமா?
இப்படி யாரும் கேட்டதில்லை.
இடக்காது போய்விட்டது,
வலக்காதை அமுக்கிப் படுத்தால்
இடி விழுந்தாலும் தெரியாது என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் இரவு ஊரில் சங்கு ஊதியதாம்.
மின்னலில் வானம் பச்சையாய்த் தெரிந்ததாம்.
நான் வலக்காதை அமுக்கித் தூங்கிக்கொண்டிருந்தேன்.
வண்டி ஆடியது.
காற்றல்ல.
பின்பக்க ஏணியை இரண்டு கையாலும் பிடித்து
லவோன் உலுக்கிக்கொண்டிருந்தாள்,
நைட்டியின் மேல் மழைக்கோட்டு,
கால்களில் வெவ்வேறு செருப்பு.

முகாமில் கான்கிரீட் என்றால்
குளியலறைக் கட்டடம் ஒன்றுதான்.
சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்த குழந்தை.
தலையில் சுருள்களோடு இரு சகோதரிகள்.
வடக்கே தேன்பெட்டிகள் ஏற்றிப்போகும் உலிசெஸ் பராகான்,
என் பிள்ளைகள் வெளியில் நிற்கின்றன என்று
சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.
டார்ச் வெளிச்சத்தில் லவோன் அட்டையைப் படித்தாள்.
நான்கு: இருவர், ஒரு பூனை. பூனை எங்கே?
கோட்டுக்குள் இருந்து கத்தியது.
ஒன்பது: ஐவர்.
பதினேழு: ஒருத்தி.
ஒருத்தி, என்றாள் மறுபடி,
என் முகத்தைப் பார்த்து, டிக் போட்டாள்.
கணக்குச் சரியான பிறகுதான்
கதவைத் தாழிட்டாள்.

கூரைமேல் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தபோது
யாரோ ஒரு குவார்ட்டரைப் போட்டார்கள்.
மின்சாரம் போவதற்குள்
மூன்று நிமிஷம் ஓடியது வெந்நீர்.
அதன் கீழ்
பெயர் தெரியாத கைகள், என் கையும்.

சூறை நாலு மைல் தள்ளிப் போய்விட்டது.
காலையில் பலகையில் இன்னோர் எழுத்தும் இல்லை.
என் முன்கண்ணாடியில் நட்சத்திரமாய் ஒரு விரிசல்.
குமிழி அதே இடத்தில், இடப்பக்கம்.

நோட்டைத் திறந்தேன்.
இரண்டை அடிக்கவில்லை;
தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.
ஓரத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்துவிட்டு
அதன் தலையில் என்ன எழுதுவதென்று தெரியாமல்,
பராகான் ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக் கேட்டு
அடுத்ததற்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு வாரத்துக்குப் பணம் கட்டினேன்.
முட்டை ஓரத்துக்கு ஓடியது.
ஓடட்டும்.